தற்காலிக ஏற்பாடு: பிரிட்டன் நகரங்களில் பெற்றோர் நடத்திய விளையாட்டுக் குழுக்கள்

1961 ஆகஸ்ட் 25 அன்று லண்டன் தாய் ஒருவரின் கடிதம் ‘கார்டியன்’ நாளிதழில் வெளியானது. எழுதியவர் பெல் டுடாயெவ். தம் மகளுக்கு அரசு மழலையர் பள்ளியில் இடம் கிடைக்காததால், தேவாலயக் கூடம் ஒன்றில் அக்கம்பக்கத்துக் குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டு தாமே ஒரு விளையாட்டுக் குழுவை நடத்தத் தொடங்கியிருந்தார். மற்றவர்களும் அவரவர் பகுதியில் இப்படிச் செய்யலாம், கூடவே மழலையர் பள்ளிகள் கேட்டு அரசை நெருக்குவோம் என்பதுதான் கடிதத்தின் சாரம். அடுத்த ஆண்டு நடந்த முதல் பொதுக்குழுக் கூட்டத்தின்போது, புதிதாகப் பிறந்திருந்த ‘பள்ளிமுன் விளையாட்டுக் குழுக்கள் சங்க’த்தில் 150 உறுப்பினர்கள் இருந்தார்கள்.

அந்தக் கடிதத்தில் இரண்டு காரியங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்று கேட்பது, மற்றொன்று செய்வது. அரசு பள்ளி தரும்வரைதான் தாய்மார் குழு நடத்துவார்கள், பள்ளி வந்ததும் கூடத்தின் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீடு திரும்புவார்கள் என்பது கணக்கு. அடுத்த முப்பது ஆண்டுகளில் அந்தக் கணக்கு தலைகீழானது. செய்வது வளர வளர, கேட்பது மெலிந்தது. இப்படி நேர்ந்ததற்குத் தாய்மாரின் உற்சாகம் எவ்வளவு காரணமோ, அந்த உற்சாகம் அரசின் கஜானாவுக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பதும் அவ்வளவு காரணம்.

தமிழ்நாட்டுத் தெருக்களில் ‘பிளே ஸ்கூல்’ என்று பலகை மாட்டியிருக்கும் கட்டண நிறுவனங்களை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் படித்தால் படம் பிசகிவிடும். இங்கே பேசப்படுவது லாபம் பார்க்காத குழுக்கள். பிள்ளைகளைச் சேர்த்த பெற்றோரே நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுப்பார்கள். அவர்களே பொருளாளர், அவர்களே தரை துடைப்பவர்கள்.

டுடாயெவுக்கு இடம் கிடைக்காதது தற்செயல் அல்ல. போர்க்காலத்தில் பெண்கள் ஆலை வேலைக்குத் தேவைப்பட்டபோது பிரிட்டிஷ் அரசு ஏறத்தாழ 1,500 குழந்தைக் காப்பகங்களை நடத்தியது. ஆண்கள் போர்முனையிலிருந்து திரும்பியதும் அவற்றில் பெரும்பாலானவை மூடப்பட்டன. 1960இல் கல்வி அமைச்சகம் ‘8/60’ என்ற எண்ணிட்ட சுற்றறிக்கையை வெளியிட்டது. ஆசிரியர் பற்றாக்குறை இருக்கிறது, மழலையர் கல்வியை இனி விரிவாக்க வேண்டாம் என்று உள்ளாட்சிகளுக்குச் சொன்ன அறிக்கை அது. 1964இல் இதில் ஒரு சிறு விலக்கு தந்தார்கள்: திருமணமான ஆசிரியைகள் வேலைக்குத் திரும்ப உதவுமானால் புதிய மழலையர் வகுப்பு திறந்துகொள்ளலாம். குழந்தையின் தேவை என்று சொன்னால் திறக்காத கதவு, வகுப்பறைக்கு ஆள் தேவை என்றதும் கொஞ்சம் திறந்தது.

இன்னொரு காரணம் நகரத்தின் உருவிலேயே இருந்தது. மைக்கேல் யங்கும் பீட்டர் வில்மாட்டும் 1957இல் வெளியிட்ட கிழக்கு லண்டன் ஆய்வு, பெத்னல் கிரீன் பகுதியில் மணமான மகள்கள் தாய் வீட்டுக்கு எட்டும் தூரத்தில் வாழ்ந்ததையும், குழந்தை வளர்ப்பில் பாட்டி நடுநாயகமாக இருந்ததையும் விரிவாகக் காட்டுகிறது. சேரி அகற்றமும் புறநகர்க் குடியிருப்புகளும் அந்தக் கட்டைப் பிரித்தன. 1956ஆம் ஆண்டின் வீட்டுவசதி மானியச் சட்டம் கட்டடம் உயர உயர மானியத்தையும் உயர்த்தியது. உள்ளாட்சிகள் அடுக்குமாடிகளை எழுப்பின. டுடாயெவின் கடிதம் வந்த அதே 1961இல் ஜோன் மைசெல்ஸ் என்ற ஆய்வாளர், உயர்ந்த மாடி வீடுகளில் வாழும் இரண்டு முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் எங்கே விளையாடுகிறார்கள் என்று ஆராய்ந்து எழுதினார். வாசலுக்கு வெளியே விட்டால் கண்பார்வையில் இருக்கமாட்டார்கள் என்பதால் அவர்கள் நான்கு சுவருக்குள்ளேயே கிடந்தார்கள். ‘திண்ணை’ என்ற சொல் ஆங்கிலத்தில் இல்லை. இருந்திருந்தால் இழந்தது என்ன என்பதை ஒரே சொல்லில் சொல்லியிருக்கலாம்.

தனித்துவிடப்பட்ட இந்தத் தாய்மார் அப்போது கடிதங்கள் வழியாகத்தான் ஒருவரையொருவர் கண்டுகொண்டார்கள். மேரி ஸ்டாட் ஆசிரியராக இருந்த ‘கார்டியன்’ பெண்கள் பக்கம் அதற்கு ஒரு தந்தி நிலையம் போலிருந்தது. 1960 பிப்ரவரியில் புறநகர் வாழ்வின் சலிப்பைப் பற்றி பெட்டி ஜெர்மன் எழுதிய கட்டுரைக்கு மறுமொழியாக மாரீன் நிக்கல் எழுதிய ஒரு கடிதம், வீட்டோடு இருக்கும் பெண்களின் நாடு தழுவிய பதிவேடாக வளர்ந்தது. 1961இல் லண்டனின் பாட்டர்ஸீ பகுதித் தாய்மார் சிலர், மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தையுடன் தாயும் இருக்க அனுமதி வேண்டும் என்று ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். பிரிவால் குழந்தை படும் பாட்டை ஜேம்ஸ் ராபர்ட்சன் 1952இலேயே திரைப்படமாக எடுத்துக் காட்டியிருந்தார். 1970இல் ஒற்றைப் பெற்றோருக்காக ‘ஜிஞ்சர்பிரெட்’ வந்தது. எல்லாமே சமையலறை மேசையில், சொந்தச் செலவில் வாங்கிய தபால்தலைகளுடன் தொடங்கியவை.

விளையாட்டுக் குழு என்ற யோசனையும் உலகுக்குப் புதிதல்ல. நியூசிலாந்தில் கணவன்மார் போருக்குப் போயிருந்த காலத்தில், 1941இல், வெலிங்டன் நகரின் கரோரியில் தாய்மார் முதல் ‘பிளேசென்டர்’ ஒன்றைத் திறந்தார்கள். 1948இல் அவற்றின் கூட்டமைப்பு உருவானது. முதல் தலைவர் குவென் சோமர்செட். அங்கே பெற்றோர் நடத்துவதே கொள்கை. பிரிட்டனில் அது வழியில்லாமல் கைக்கொண்ட முறை. இந்த வேறுபாடு பின்னால் பெரிதாகிறது.

கூடத்துக்குள் நடந்ததைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பெரும்பாலான குழுக்களுக்குச் சொந்த இடம் கிடையாது. தேவாலயக் கூடம் மாலையில் சாரணர் கூட்டத்துக்கும் சீட்டாட்டத்துக்கும் வேண்டும்; ஆகவே காலையில் விரித்ததையெல்லாம் மதியத்துக்குள் மடக்கி அலமாரியில் பூட்டியாக வேண்டும். மணல்தொட்டி, தண்ணீர்த் தொட்டி, வண்ணம் தீட்டும் பலகை, பிசைந்த மாவு, உடுத்திப் பார்க்கப் பழைய துணிகள் ஆகியவை தினமும் வெளியே வந்து தினமும் உள்ளே போயின. காலை வேளையில் இரண்டரை மணி நேரம் குழு நடக்கும் என்றால், எடுத்து வைக்கவும் துடைக்கவும் கூடுதல் நேரம் ஆகும். 1948ஆம் ஆண்டின் காப்பகங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி சுகாதாரத் துறையில் பதிவு செய்ய வேண்டும் என்பதால், அதிகாரி வந்து தரையின் பரப்பை அளந்து, கழிப்பறைகளை எண்ணிப்போவார். குழந்தை அங்கே என்ன கற்கிறது என்று கேட்கும் கடமை அவருக்கு இல்லை. கல்வித் துறைக்கோ இந்தக் குழுக்கள் கண்ணிலேயே படவில்லை.

பணம் இரண்டு வழிகளில் வந்தது. வருகைக்குச் சில ஷில்லிங் கட்டணம், பிறகு பழைய பொருள் விற்பனை. குழுவை வழிநடத்தும் பெண்ணுக்கு ஒரு சிறு தொகை கிடைக்கும். அதைச் சம்பளம் என்று சொல்வது மரியாதைக்காகத்தான். மற்ற தாய்மாருக்கு முறை வைத்திருந்தார்கள். இன்று உன் முறை என்றால் நீ வந்து பழச்சாறு ஊற்ற வேண்டும், சண்டை விலக்க வேண்டும், ஈரச் சட்டை மாற்ற வேண்டும்.

இந்த முறைதான் எதிர்பாராததைச் செய்தது. வாரம் ஒருநாள் அறையில் இருந்த தாய், தன் குழந்தையை மற்றக் குழந்தைகளுக்கு நடுவே பார்த்தாள். தன் பிள்ளை மட்டும்தான் கடிக்கிறான் என்று வெட்கப்பட்டிருந்தவளுக்கு, இன்னும் மூன்று பேர் கடிப்பது தெரிந்தது. குழந்தை வளர்ப்பில் அதைவிடப் பெரிய ஆறுதல் ஏதுமில்லை. 1967இல் சங்கத்தின் முதல் தேசிய ஆலோசகரான பிரெண்டா குரோ நாடெங்கும் போய்க் குழுக்களைப் பார்த்து வந்தவர்; தம் அனுபவத்தை 1973இல் நூலாக்கினார். குழந்தைக்கு நேர்வதோடு தாய்க்கு நேர்வதும் சமமாகப் பேசப்பட்டது இந்தக் காலத்தில்தான். சங்கம் பயிற்சி வகுப்புகள் நடத்தியது. பதினைந்து வயதில் பள்ளியை விட்ட பெண்கள் பொருளாளராகி வரவு செலவு எழுதக் கற்றார்கள், தீர்மானம் முன்மொழியக் கற்றார்கள், உள்ளாட்சி அதிகாரியிடம் குரல் நடுங்காமல் பேசக் கற்றார்கள். பலர் அங்கிருந்து ஆசிரியப் பயிற்சிக்கும் சமூகப்பணிக்கும் போனார்கள்.

அதே 1967இல் ஆரம்பப் பள்ளிகள் பற்றிய பிளௌடன் அறிக்கை வந்தது. பகுதிநேர மழலையர் கல்வியை அரசு விரிவாக்க வேண்டும் என்றது அது; போதுமான இடங்கள் உருவாகும்வரை விளையாட்டுக் குழுக்கள் இருக்கட்டும் என்றது. அதாவது டுடாயெவின் பழைய கணக்கே. ஆனால் அறிக்கைக் குழுவின் தலைவரான பிரிஜெட் பிளௌடன் அம்மையாரே 1972இல் விளையாட்டுக் குழுக்கள் சங்கத்தின் தலைவர் பொறுப்பை ஏற்றுப் பத்தாண்டு காலம் அதில் இருந்தார். ‘அதுவரை’ என்று எழுதிய கை, ‘இனிமேல்’ பக்கம் போய்ச் சேர்ந்தது.

1972 டிசம்பரில் அன்றைய கல்வி அமைச்சர் மார்கரெட் தாட்சர் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, பத்தாண்டுகளுக்குள் நான்கு வயதினரில் 90 விழுக்காட்டினருக்கும் மூன்று வயதினரில் 50 விழுக்காட்டினருக்கும் இடம் தருவதாக வாக்களித்தது. சங்கத்துக்குள் இது கலக்கத்தை உண்டாக்கியது. கேட்டது கிடைக்கப்போகிறது; கிடைத்தால் நாம் எதற்கு? அந்தக் கேள்விக்கு விடை தேட வேண்டிய அவசியம் வரவில்லை. 1973இன் எண்ணெய் நெருக்கடியும் அதைத் தொடர்ந்த செலவுக் குறைப்பும் வாக்குறுதியை விழுங்கின. பள்ளி கட்டப் பணமில்லாத அரசுக்கு, தரை துடைக்கக் கூலி கேட்காத தாய்மார் அருமையான துணை. அப்போதிலிருந்து அமைச்சர்களின் பேச்சில் பெற்றோர் பங்கேற்பு என்பதற்குப் புகழ்மாலை குறைவில்லாமல் கிடைத்தது.

புகழ்மாலைக்குள் இருந்த ஊசியை வெளியே எடுத்தவர் சமூகவியலாளர் ஜேனட் ஃபின்ச். உழைக்கும் வர்க்கப் பகுதிகளில் தாய்மார் நடத்திய குழுக்களை ஆராய்ந்து 1984இல் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே சுயஉதவி என்பதை ‘ஏமாற்று’ என்று அழைத்தார். நடுத்தர வர்க்கப் பெண்ணுக்கு நேரமும், காரும், தட்டச்சுப் பொறியும், கூட்டம் நடத்திய பழக்கமும் இருக்கும். அவை இல்லாத இடத்தில் குழுக்கள் தடுமாறின. எங்கே தேவை அதிகமோ அங்கே சுயஉதவி மிகவும் மெலிந்திருந்தது. ஜெரோம் புரூனர் தலைமையிலான ஆக்ஸ்ஃபோர்ட் ஆய்வுத் திட்டத்தில், மழலையர் பள்ளிகளிலும் விளையாட்டுக் குழுக்களிலுமாக 120 குழந்தைகள் கூர்ந்து கவனிக்கப்பட்டார்கள். அந்தத் திட்டத்திலிருந்து 1980இல் வெளியான ஓர் ஆய்வு, பெரியவர்களின் பேச்சில் கணிசமான பங்கு குழந்தையோடு உரையாடுவதில் செலவாகவில்லை, நிர்வகிப்பதிலேயே செலவாகிறது என்று காட்டியது. இது பள்ளிக்கும் குழுவுக்கும் பொதுவான குறை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

முறையில் இடமே பெறாத தாய்மாரும் இருந்தார்கள். லண்டனின் கரீபியக் குடியேறிகள் பலருக்கு இரண்டரை மணி நேரக் குழுவால் பயனில்லை. முழுநேர வேலை அவர்களுக்கு. அவர்களின் குழந்தைகள் பெரும்பாலும் அண்டை வீட்டுக் காப்பாளர்களிடம் வளர்ந்தார்கள். பிரையன் ஜாக்சனும் சோனியா ஜாக்சனும் 1979இல் எழுதிய நூல் அந்த மறைந்த உலகைக் காட்டியது. விளையாட்டுக் குழு, பகலில் வீட்டில் இருக்கக்கூடிய தாயை அடிப்படையாக வைத்துக் கட்டிய அமைப்பு. அந்தத் தாயைத் தாங்கியதோ கணவனின் சம்பளம். தந்தையர் இந்த வரலாற்றில் பெரும்பாலும் அலமாரிக்குத் தச்சு வேலை செய்பவர்களாகவே தலைகாட்டுகிறார்கள்.

1980களின் பிற்பகுதியில் அந்த அடிப்படை ஆட்டம் கண்டது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் தாய்மார் சம்பள வேலைக்குத் திரும்புவது வேகமெடுத்தது. முறைக்கு ஆள் கிடைக்கவில்லை. பொருளாளர் பதவிக்குப் பெயர் கொடுக்க ஆளில்லை. 1989ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம் மேற்பார்வையை இறுக்கியது. பயிற்சி, சான்றிதழ், பதிவேடு எல்லாம் கூடின. 1996இல் நான்கு இடங்களில் முன்னோட்டமாகவும் 1997இல் நாடு முழுவதுமாகவும் வந்த சீட்டுத் திட்டம், நான்கு வயதுக் குழந்தை ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 1,100 பவுண்டு மதிப்புள்ள சீட்டைப் பெற்றோரிடம் கொடுத்தது. ஆரம்பப் பள்ளிகள் அந்தக் குழந்தைகளைத் தங்கள் தொடக்க வகுப்புக்கு இழுத்துக்கொண்டன. நான்கு வயதினர் போனதும் கூடத்தின் வாடகையைக் கட்ட முடியாமல் பல குழுக்கள் மூடின. புதிய அரசு அதே 1997இல் சீட்டை ஒழித்தது. இழந்த குழந்தைகள் திரும்பி வரவில்லை.

இதற்கு முன்பே, 1995இல், சங்கம் தன் பெயரை ‘பள்ளிமுன் கற்றல் கூட்டமைப்பு’ என்று மாற்றிக்கொண்டிருந்தது. விளையாட்டு போய்க் கற்றல் வந்தது. பெற்றோர் தேர்ந்தெடுக்கும் நிர்வாகக் குழுக்கள் பல இடங்களில் நீடித்தன. ஆனால் அறைக்குள் நிற்பவர்கள் இப்போது சம்பளம் பெறும் பணியாளர்கள். அரசு கட்டணமில்லா மணிநேரங்களை அறிவிப்பதும், அதற்கான தொகையை நடத்துபவர்களுக்குத் தருவதும் புதிய ஏற்பாடு. இன்று ‘ஆரம்ப ஆண்டுகள் கூட்டமைப்பு’ என்ற பெயரில் இயங்கும் அதே அமைப்பு, அந்தத் தொகை எப்படிக் கணக்கிடப்பட்டது என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டது. இரண்டரை ஆண்டு இழுபறிக்குப் பிறகு ஆவணங்கள் கைக்கு வந்து, 2021 ஜூனில் அவற்றை வெளியிட்டது. 2020–21இல் முழுச் செலவையும் ஈடுகட்ட மணிக்கு 7.49 பவுண்டு தேவைப்படும் என்பதை அரசே மதிப்பிட்டு வைத்திருந்தது. மூன்று, நான்கு வயதினருக்குச் சராசரியாகக் கொடுத்துவந்தது மணிக்கு 4.89 பவுண்டு.