எஸ்பிரஸ்ஸோ இயந்திரம்

நைசாக அரைத்த காபித் தூளை ஒரு சிறு வடிகட்டியில் அழுத்தி நிரப்பி, அதன் ஊடாக வெந்நீரை உயர் அழுத்தத்தில் செலுத்தி, அரை நிமிடத்துக்குள் அடர்ந்த காபிச் சாற்றை இறக்கும் கருவி எஸ்பிரஸ்ஸோ இயந்திரம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியில் தோன்றியது. இன்று உலகெங்கும் காபிக் கடைகளின் மையக் கருவியாக இருக்கிறது. அதன் வளர்ச்சி, தமிழகத்துக்கு அது வந்த விதம், காபிக் கலங்களைப் பரிசளிக்கும் தமிழர் வழக்கம், அக்கலங்களை வனையும் திறன் பெற்ற விருத்தாசலம் பீங்கான் தொழில் ஆகியவை இங்கு ஒருசேர விளக்கப்படுகின்றன.

நீராவிக் காலம்

டூரின் நகரைச் சேர்ந்த ஆஞ்சலோ மோரியோண்டோ 1884இல் நீராவியால் இயங்கும் காபி இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டு டூரினில் நடந்த பொருட்காட்சியில் அது வைக்கப்பட்டது. ஒரே நேரத்தில் பலருக்கும் சேர்த்துக் காபி வடிக்கும் பெரிய கருவி அது. விற்பனைக்கென அதை அவர் பெருமளவில் தயாரிக்கவில்லை.

ஆளுக்கொரு கோப்பையாக, கேட்டவுடன் வடித்துத் தரும் முறையை மிலான் நகரின் லூயிஜி பெட்ஸேரா 1901இல் வகுத்தார். கைப்பிடியுடன் கூடிய சிறு வடிகட்டியில் தூளை நிரப்பி இயந்திரத்தில் மாட்டும் அமைப்பு அவருடையது. இன்றைய இயந்திரங்களிலும் அது தொடர்கிறது. அவருடைய காப்புரிமையை வாங்கிய தெசிதேரியோ பவோனி 1905இல் இயந்திரங்களைத் தயாரித்து விற்கத் தொடங்கினார். 1906ஆம் ஆண்டு மிலான் பொருட்காட்சியில் இருவரும் இந்தக் காபியை மக்களுக்குக் காட்டினர்.

இந்த இயந்திரங்கள் அனைத்துக்கும் ஒரே குறை இருந்தது. கொதிகலனில் திரளும் நீராவியின் அழுத்தமே நீரைத் தள்ளியது. அது 2 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) அளவைத் தாண்டவில்லை. அழுத்தத்தைக் கூட்ட நெருப்பைக் கூட்டினால் நீர் அளவுக்கு மீறிச் சூடேறித் தூள் கருகியது, காபி கசந்தது. அழுத்தத்தையும் வெப்பத்தையும் தனித்தனியே பிரிப்பது எப்படி என்ற கேள்விக்கு விடை தேடுவதில்தான் அடுத்த அரை நூற்றாண்டு சென்றது.

நெம்புகோலும் பம்பும்

திரியெஸ்தே நகரின் ஃபிரான்செஸ்கோ இல்லி 1935இல் நீராவிக்குப் பதிலாக அழுத்தப்பட்ட காற்றைப் பயன்படுத்தினார். மிலானில் காபிக்கடை நடத்திய அக்கீலே காஜியா 1938இல் நீராவி இல்லாமல் இயங்கும் முறைக்குக் காப்புரிமை கோரினார். போருக்குப் பின் அதை மேம்படுத்தி, நெம்புகோலால் இயங்கும் விற்சுருள் பிஸ்டனை அமைத்தார். கடைக்காரர் நெம்புகோலை இழுத்தால் விற்சுருள் இறுகும். விட்டதும் அது விரிந்து வெந்நீரைத் தூளின் வழியே தள்ளும். அழுத்தம் 8 முதல் 10 பார் வரை உயர்ந்தது. தூளில் இருக்கும் எண்ணெயும் வாயுவும் நீருடன் கலந்து, காபியின் மேல் பொன்னிற நுரையாகப் படர்ந்தன. இத்தாலியர் அதைக் கிரேமா என்கின்றனர். இந்த நுரை காஜியாவுக்கு முந்தைய எஸ்பிரஸ்ஸோவில் இல்லை.

நெம்புகோல் இயந்திரத்துக்குக் கைவலு தேவை. 1961இல் எர்னெஸ்தோ வலேந்தேயின் ஃபயேமா நிறுவனம் வெளியிட்ட இ61 இயந்திரத்தில் மின்பம்பு அந்த வேலையை ஏற்றது. 9 பார் அழுத்தம் சீராகக் கிடைத்தது. நீரைச் சூடாக்குவதற்கும் நீராவி எடுப்பதற்கும் தனித்தனி வழி அமைந்தது. அவ்வாண்டு பிப்ரவரியில் நிகழ்ந்த சூரிய கிரகணத்தையொட்டி அதற்குப் பெயரிட்டனர். அன்றுமுதல் நீராவிக்கு இருக்கும் பணி பாலை நுரைக்கச் செய்வது மட்டுமே. சுமார் 7 கிராம் தூள், 9 பார் அழுத்தம், 25 விநாடி என்பது இத்தாலிய எஸ்பிரஸ்ஸோவின் பொது அளவு.

வீட்டுக்கென வந்த கருவிகளில் முதன்மையானது அல்ஃபோன்ஸோ பியலெத்தி 1933இல் அறிமுகப்படுத்திய மோக்கா பாத்திரம். அடுப்பில் வைத்தால் அடியறையின் நீர், நீராவி அழுத்தத்தால் தூளைக் கடந்து மேலறைக்கு ஏறும். காபி அடர்த்தியாகவே இருக்கும்; அழுத்தம் குறைவு என்பதால் அதை எஸ்பிரஸ்ஸோ என்று கொள்வதில்லை.

தமிழகத்தில்

சேர்வராயன் மலையில் 1820களில் சேலம் கலெக்டர் எம்.டி. காக்பர்ன் காபிப் பயிரை அறிமுகப்படுத்தினார். குடிக்கும் பழக்கம் நகரங்களிலும் நடுத்தர வர்க்க வீடுகளிலும் ஊன்றியது 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலுமே. அந்த மாற்றத்தையும் அது எழுப்பிய எதிர்ப்பையும் வரலாற்றாய்வாளர் ஆ.இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற நூலில் ஆராய்ந்துள்ளார்.

தமிழர் ஏற்றது இரண்டு அடுக்கு ஃபில்டரை. மேலடுக்கில் தூளும் வெந்நீரும். கீழடுக்கில் சொட்டுச் சொட்டாக இறங்கும் டிகாஷன். எஸ்பிரஸ்ஸோவுக்கும் இதற்கும் நோக்கம் ஒன்றே: அடர்ந்த சாறு எடுப்பது. அங்கே பம்பு அரை நிமிடத்தில் செய்வதை இங்கே புவியீர்ப்பு கால் மணி நேரமும் அதற்கு மேலும் எடுத்துச் செய்கிறது.

திருமண மண்டபங்களிலும் பொருட்காட்சிகளிலும் ‘எக்ஸ்பிரஸ்ஸோ காபி’ என்ற பெயரில் கிடைப்பது வேறு. இன்ஸ்டன்ட் காபித் தூள், சர்க்கரை, பால் மூன்றையும் சேர்த்து, கொதிகலனின் குழாய் வழியே நீராவியைப் பாய்ச்சி நுரைக்க வைப்பார்கள். இன்ஸ்டன்ட் காபியை உலகுக்குப் பரப்பிய நெஸ்கஃபே சுவிட்சர்லாந்தில் அறிமுகமானது காஜியா காப்புரிமை கோரிய அதே 1938இல். இந்தியக் கல்யாண மண்டபத்துக்கு வந்து சேர்ந்தவை நெஸ்கஃபே வழிவந்த தூளும் பெட்ஸேரா காலத்து நீராவியும். காஜியாவின் அழுத்தம் வரவில்லை. 1996இல் பெங்களூரு பிரிகேட் சாலையில் கஃபே காபி டே தொடங்கிய பிறகே பம்பால் இயங்கும் இயந்திரம் தென்னிந்திய நகரங்களில் பரவலாயிற்று.

கலமும் சமூகமும்

காபி எதில் குடிக்கப்பட்டது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. விளிம்பு மடித்த டம்ளர், எச்சில் படாமல் தூக்கிக் குடிக்க ஏற்றது. ஓட்டல்களில் சாதிவாரியாக இடமும், கிராமத் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளையும் இருந்தன. ‘பிராமணாள்’ என்ற பெயர்ப்பலகையை எதிர்த்துப் பெரியாரின் திராவிடர் கழகம் 1957இல் சென்னை திருவல்லிக்கேணி முரளி கபே முன் மறியல் நடத்தியது. அதே ஆண்டு, காபி வாரியம் மூடிய காபி ஹவுஸ்களைத் தொழிலாளர்கள் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் துணையுடன் கூட்டுறவுச் சங்கங்களாக மீண்டும் தொடங்கினர். ஒருவர் வாய்வைத்துக் குடித்த பீங்கான் கோப்பையைக் கழுவி அடுத்தவருக்கு வைப்பது அங்கே இயல்பான நடைமுறை. பொதுக் கோப்பை பரவியதைச் சமத்துவத்தின் ஒரு படியாகவே கருத வேண்டும்.

விருத்தாசலம் பீங்கான்

எஸ்பிரஸ்ஸோவுக்குரியது சுவர் தடித்த சிறு பீங்கான் கோப்பை. சாறு ஓரிரு வாய் அளவே என்பதால் மெல்லிய கலத்தில் ஊற்றினால் உடனே ஆறிவிடும். அதனால்தான் கோப்பைகளை இயந்திரத்தின் மேற்தட்டில் அடுக்கிச் சூடாக வைத்திருக்கிறார்கள்.

கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றின் கரையில் அமைந்த விருத்தாசலம், பழமலைநாதர் கோயிலுக்கும் பீங்கானுக்கும் பெயர் பெற்றது. கிழக்கே உள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காக மேல்மண்ணை அகற்றும்போது வெள்ளைக் களிமண்ணும் கிடைக்கிறது. மூலப்பொருளின் அருகாமையும், விழுப்புரம் – திருச்சி தடத்தில் சேலத்துக்கும் கடலூருக்கும் பிரியும் ரயில் சந்திப்பு என்ற வசதியும் தொழிலுக்குத் துணைநின்றன. இங்குள்ள தொழிற்பேட்டையின் சிறு கூடங்களில் கார்த்திகை அகல்விளக்கு, கொலுப் பொம்மை, ஜாடி, மின்சார ஃபியூஸ் கேரியர் முதலியன உருவாகின்றன.

கலம், பொம்மை போன்றவற்றுக்குச் செய்முறை ஏறத்தாழ ஒன்றே. களிமண்ணை மற்றக் கனிமப் பொடிகளுடன் நீரில் அரைத்துக் கூழாக்கி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு நீரை உறிஞ்ச, உட்சுவரில் மண் படிந்து கலத்தின் வடிவம் பெறுகிறது. உலர்த்திச் செதுக்கி, பளபளப்புப் பூச்சுக் கொடுத்துச் சூளையில் சுட்டால் நீர் ஊறாத கலம் கிடைக்கும்; காபிக் கோப்பையையும் இவ்வாறே செய்யலாம்.

பரிசுப் பொருளாக

தமிழர் இல்லங்களில் காபிக் கலம் நெடுநாளாகப் பரிசுப் பொருள். கல்யாணச் சீர்வரிசையில் வெள்ளி டபரா டம்ளரும், பித்தளை அல்லது எவர்சில்வர் ஃபில்டரும் இடம்பெறுகின்றன. இன்று பரிசு தேர்ந்தெடுப்போர் சிலவற்றைக் கவனிப்பது நல்லது.

பித்தளைக் கலத்தின் உட்புறத்தில் வெள்ளீயம் பூசியிருக்க வேண்டும். பீங்கான் கோப்பையில் ஈயம் கலவாத பூச்சு இருப்பதைக் கேட்டு உறுதிசெய்து வாங்க வேண்டும்; அலங்காரத்துக்கென்று செய்த கலத்தைக் குடிக்கக் கொடுக்கக் கூடாது. வீட்டு எஸ்பிரஸ்ஸோ இயந்திரத்தின் பெட்டியில் 15 பார் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை. காபிக்குத் தேவை 9 பார். இயந்திரத்துடன் அரைக்கும் கருவியும் வேண்டியிருக்கும் என்பதால் செலவு கூடும். சிக்கரி கலந்த ஃபில்டர் தூள் எஸ்பிரஸ்ஸோ இயந்திரத்துக்கு உதவாது. இரண்டு வேளையும் டிகாஷன் போடும் வீட்டுக்கு நல்ல ஃபில்டரும், அன்று வறுத்து அரைத்த பீபரி அல்லது பிளாண்டேஷன் ஏ ரகத் தூளும், ஒரு ஜோடி பீங்கான் கோப்பையும் கொடுத்தால் அவை அன்றாடம் பயன்படும்.

விருத்தாசலத்துச் சூளைகளுக்கு நவராத்திரியும் கார்த்திகையும்தான் பெரிய பருவங்கள். காபிக்குப் பருவம் கிடையாது. பரிசளிப்போர் விளக்கோடும் பொம்மையோடும் நிறுத்தாமல் காபிக் கோப்பைகளையும் இவ்வூர்க் கூடங்களில் கேட்டு வாங்கினால், அந்தத் தொழிலாளர்களுக்கு ஆண்டு முழுவதும் வேலை இருக்கும்.