பஞ்சப்படி முதல் ஓய்வூதியம் வரை: அரசு ஊழியர் ஊதியமும் வேலைநிறுத்த உரிமையும்

முன்னுரை

தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973இன் 22ஆம் விதி சுருக்கமானது: அரசு ஊழியர் எவரும் வேலைநிறுத்தத்தில் ஈடுபடவோ அதைத் தூண்டவோ கூடாது. விதியைவிட அதன் கீழுள்ள விளக்கம் நீளம். அரசையோ மேலதிகாரியையோ ஒன்றைச் செய்யவைக்கும் நோக்கத்தோடு அனுமதியின்றிப் பணிக்கு வராமலிருத்தல், கடமையைப் புறக்கணித்தல், உண்ணாவிரதம் இருத்தல் ஆகிய எல்லாம் இதில் அடங்கிவிடுகின்றன. கோரிக்கை அட்டை அணிவது, உணவு இடைவேளையில் வாயிற்கூட்டம் நடத்துவது, ஒட்டுமொத்தமாகத் தற்செயல் விடுப்பு எடுப்பது என்று நம் ஊழியர் சங்கங்கள் படிப்படியாகப் போவதன் பின்னணி இந்த விதிதான். தடையின் விளிம்பு எதுவரை என்று ஒவ்வொரு முறையும் தொட்டுப் பார்க்கிறார்கள்.

அரசைப் பொறுத்தவரை ஊதியம் ஒரு கோப்பு, வேலைநிறுத்தம் வேறொரு கோப்பு. முன்னதை ஊதியக் குழு பார்க்கும்; பின்னதை அவசரச் சட்டம் பார்க்கும். 1946 முதல் 2003 வரையிலான நிகழ்வுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் இரண்டும் ஒரே கோப்பு என்பது தெரியும். பேச்சுக்கான மன்றம் அடைபட்ட இடங்களிலேயே பெரிய வேலைநிறுத்தங்கள் வெடித்தன என்பது இக்கட்டுரையின் வாதம்.

தகுதியான ஆளுக்குத் தக்க கூலி

அரசுப் பணிக்கு எவ்வளவு ஊதியம் தரலாம் என்பதற்குக் காலனி ஆட்சியில் ஐலிங்டன் ஆணையம் (1912–15) ஓர் அளவுகோல் வகுத்தது. தகுதியானவர்களைப் பணிக்கு ஈர்க்கவும், அவர்கள் கௌரவமாக வாழவும், கைநீட்டும் சபலத்துக்கு ஆளாகாமல் திறமையோடு உழைக்கவும் எவ்வளவு தேவையோ அவ்வளவு. ஊதியத்தையும் ஊழியரின் மனநிலையையும் இணைத்துப் பேசிய இந்த அளவுகோலின் கண், அதிகாரிகள்மீதுதான் இருந்தது, தபால்காரர்மீது இல்லை.

இரண்டாம் உலகப்போர்க் கால விலையேற்றம் அந்தத் தபால்காரரை முன்னுக்குக் கொண்டுவந்தது. விலைவாசிக்கு ஈடாகத் தரப்பட்ட படிக்குத் தமிழில் ‘பஞ்சப்படி’ என்ற பெயர் நிலைத்ததே அக்காலத்தின் சாட்சி. முதல் ஊதியக் குழு அமைக்கப்பட்ட சில மாதங்களிலேயே, 1946 ஜூலை 11 அன்று அஞ்சல் ஊழியர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினர். அவர்களுக்கு ஆதரவாக ஜூலை 29 அன்று கல்கத்தா நகரமே முடங்கியது. சீனிவாச வரதாச்சாரியார் தலைமையிலான அக்குழு, அடுத்த ஆண்டு தந்த அறிக்கையில் வாழ்க்கைக்குப் போதுமான ஊதியம் என்ற கருத்தை ஏற்றது. கடைநிலை ஊழியருக்கு அடிப்படை ஊதியம் 30 ரூபாய், பஞ்சப்படி 25 ரூபாய், ஆக 55 ரூபாய் என்று கணக்கிட்டது.

72 கஜம் துணி

அடுத்த கட்டம் 1957இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு கூடிய 15ஆம் இந்தியத் தொழிலாளர் மாநாடு, தேவை அடிப்படையிலான குறைந்தபட்ச ஊதியத்துக்கு ஒரு கணக்கு வகுத்தது. ஒரு குடும்பம் என்றால் மூன்று நுகர்வு அலகுகள்; நால்வருக்கு ஆண்டுக்கு 72 கஜம் துணி; அரசின் தொழிலாளர் வீட்டுவசதித் திட்டத்தை ஒட்டிய வாடகை; எரிபொருள், விளக்கு, இதர செலவுக்கு 20 சதவீதம். அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் ஒரே மேசையில் ஒப்புக்கொண்ட கணக்கு இது.

ஆனால் அரசே முதலாளியாக நின்றபோது இந்தக் கணக்கு செல்லவில்லை. ஜகந்நாத தாஸ் தலைமையிலான இரண்டாம் ஊதியக் குழு 1959இல் இதை ஏற்க மறுத்து, குறைந்தபட்ச ஊதியத்தை 80 ரூபாயோடு நிறுத்திக்கொண்டது. 1960 ஜூலை 11 நள்ளிரவில் மத்திய அரசு ஊழியரின் வேலைநிறுத்தம் தொடங்கியது. அதற்கு முன்னரே அத்தியாவசியப் பணிகள் பராமரிப்பு அவசரச் சட்டம் வந்துவிட்டது. ஐந்து நாளில் போராட்டம் அடங்கியது. சங்கங்களின் அங்கீகாரம் பறிபோனது.

அதன் எதிரொலி நீதிமன்றத்தில் கேட்டது. 1962இல் காமேஸ்வர் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஊழியரின் ஆர்ப்பாட்ட உரிமையைக் காத்தது. வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை அன்று என்றது. அதே ஆண்டு, 1960 போராட்டத்தில் பங்கேற்ற ஓர் ஊழியரின் வழக்கில், அங்கீகாரம் இழந்த சங்கத்தில் உறுப்பினராக இருக்கக் கூடாது என்ற விதியை ரத்து செய்தது. சங்கம் வைக்கலாம், கோஷம் போடலாம், வேலையை மட்டும் நிறுத்தக் கூடாது என்ற எல்லைக்கோடு இப்படி உருவாயிற்று.

மன்றம் திறந்ததும் மூடியதும்

கோடு போட்டால் மட்டும் போதாது, பேச ஓர் இடமும் வேண்டும் என்பதை அரசு உணராமலில்லை. பிரிட்டனின் விட்லி மன்றங்களை முன்மாதிரியாகக் கொண்டு 1966 அக்டோபரில் கூட்டு ஆலோசனை அமைப்பு தொடங்கப்பட்டது. ஊதியமும் படிகளும், வார வேலை நேரம், விடுப்பு ஆகியவற்றில் உடன்பாடு எட்டாவிட்டால் கட்டாய நடுவர் தீர்ப்புக்குப் போகலாம். வேலைநிறுத்தத்தை விட்டுக்கொடுப்பதற்கு ஈடு இதுதான்.

இரண்டே ஆண்டில் அதற்குச் சோதனை வந்தது. தேவை அடிப்படையிலான ஊதியத்தை நடுவரிடம் விடுங்கள் என்றது ஊழியர் தரப்பு. அரசு மறுத்தது. 1968 செப்டம்பர் 19 அன்று ஒருநாள் வேலைநிறுத்தம். மீண்டும் அவசரச் சட்டம். பதான்கோட்டில் ரயில்வே ஊழியர்மீது துப்பாக்கிச் சூடு. கோரிக்கை 1957இல் பிறந்ததுதான். புதிதாக நேர்ந்தது, திறந்த கதவு முகத்தில் அறைந்து சாத்தப்பட்டதுதான்.

ஊக்கம் என்ற சொல்

1974 மே 8 முதல் 20 நாள் நடந்த ரயில்வே வேலைநிறுத்தம் வேறொரு கேள்வியை எழுப்பியது. ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமையில் நின்ற ஊழியர்கள் எட்டுமணி நேர வேலையையும், பொதுத்துறை நிறுவனங்களுக்கு இணையான ஊதியத்தையும், போனஸையும் கேட்டார்கள். போனஸ் என்பது லாபத்தில் பங்கு, ரயில்வே லாபத்துக்காக ஓடுவதில்லை என்பது மறுப்பவர்களின் வாதம். பல்லாயிரம் பேர் கைதான பின் போராட்டம் தோற்று முடிந்தது.

ஐந்தே ஆண்டில், 1979இல், ரயில்வேக்குப் போனஸ் வந்தது. ஆனால் ‘உற்பத்தித்திறன் சார்ந்த போனஸ்’ என்ற பெயரில். ஊழியர் பங்காகக் கேட்டதை அரசு ஊக்கமாகக் கொடுத்தது. பிற்கால ஊதியக் குழுக்களின் மொழியிலும் இந்த மாற்றம் தெரிகிறது. ஆறாவது குழு செயல்திறன் சார்ந்த ஊக்கத்தொகையைப் பரிந்துரைத்தது. ஏழாவது குழு பதவி உயர்வுக்கு ஈடான ஊதிய மேம்பாட்டுக்குப் பணி மதிப்பீட்டில் ‘நன்று’ போதாது, ‘மிக நன்று’ வேண்டும் என்றது. 1957இல் துணியையும் அரிசியையும் கொண்டு அளந்த இடத்தில், ஊழியரையே அளக்கும் கோல் வந்துவிட்டது.

2003: தமிழ்நாடு

ஓய்வூதியம் கருணையால் போடும் பிச்சை அன்று, உழைத்துச் சம்பாதித்த உரிமை என்று 1982இல் நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியது. அந்த நம்பிக்கையில் கைவைத்தபோதுதான் தமிழகம் கொதித்தது. ஓய்வூதியப் பலன்களும் ஈட்டிய விடுப்பு ஒப்படைப்பு முதலிய சலுகைகளும் குறைக்கப்பட்டதை எதிர்த்து 2003 ஜூலை 2 அன்று அரசு ஊழியரும் ஆசிரியரும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அதற்கு முன்பே தலைவர்கள் கைதாயினர். 2002இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டம் (‘டெஸ்மா’), ஜூலை 4 அவசரச் சட்டத்தால் மேலும் கூர்மை பெற்றது. விசாரணையின்றி ஏறத்தாழ 1.7 லட்சம் பேர் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள்.

ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றத்திலிருந்து வந்த டி.கே. ரங்கராஜன் வழக்குத் தீர்ப்பு, வேலைநிறுத்தத்துக்கு அடிப்படை உரிமையோ சட்ட உரிமையோ இல்லை என்றதோடு நிற்காமல், அறநெறி நியாயமும் இல்லை என்றது. இத்தனை பேர் திரண்டால் நிர்வாகத் தீர்ப்பாயம் தாங்காது என்பதையும் அதே நீதிமன்றம் கண்டுகொண்டது. மன்னிப்புக் கடிதமும் 22ஆம் விதிக்குக் கட்டுப்படுவதாக உறுதிமொழியும் எழுதிக் கொடுத்துப் பெரும்பாலோர் மேசைக்குத் திரும்பினார்கள்.

அந்த மேசைகளில் இன்னொரு கோடும் விழுந்திருந்தது. 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம். மார்ச் 31இல் சேர்ந்தவரும் மறுநாள் சேர்ந்தவரும் ஒரே பிரிவில், ஒரே பதவியில், ஒரே கோப்பைப் பார்த்தாலும் முதுமை வேறுவேறு ஆனது. 2019 ஜனவரியில் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ நடத்திய வேலைநிறுத்தத்தின் முதன்மைக் கோரிக்கை பழைய ஓய்வூதியத் திட்டம் என்பதில் வியப்பில்லை.

முடிவுரை

1946இல் பசி, 1968இல் பேச மறுத்தது, 1974இல் சமமாக நடத்தாதது, 2003இல் கொடுத்த வாக்கை மாற்றியது என்று உடனடிக் காரணங்கள் வேறுபடுகின்றன. தடைச்சட்டம் மட்டும் மாறவேயில்லை. எந்தக் கட்டத்திலும் அடுத்த போராட்டத்தை அது தடுக்கவுமில்லை. ஐலிங்டன் ஆணையம் ஊதியத்தோடு கௌரவத்தையும் ஒரே மூச்சில் சொன்னது. நம் கோப்புகளில் அவை பிரிந்து கிடக்கின்றன. மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துத் திரும்பியவரிடம் ‘மிக நன்று’ எதிர்பார்க்கும் நிர்வாகம், அந்தக் கடிதத்தையும் அதே கோப்பில் சேர்த்துப் படிக்க வேண்டும். நடுவர் தீர்ப்புக்கு மறுக்க முடியாத ஒரு வழி இருக்குமானால், 22ஆம் விதியை நிலைநாட்ட அவசரச் சட்டங்கள் தேவைப்படாது.