பாலத்துக்கு இந்தப் பக்கம் ஊசி, அந்தப் பக்கம் குழாய்

ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் தீவு. கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியோடு இணைந்த பெரியாஸ்பத்திரி தென்கரையில், புத்தூரில் இருக்கிறது. பைக்கிலிருந்து விழுந்து விலா ஒடிந்தவரைத் தீவிலிருந்து அங்கே ரெஃபர் செய்தால் ஆற்றைத் தாண்டியாக வேண்டும். நெஞ்சுக்குள் காற்று கட்டியவருக்கு அதை வெளியேற்ற ஊசியா, குழாயா என்ற கேள்வி அந்த வழியில்தான் கூர்மையாகிறது.

ஒடிந்த விலா நுரையீரலைக் கிழித்தால், காற்று கசிந்து நெஞ்சுச் சுவருக்கு உட்புறம் தங்கும், நுரையீரல் சுருங்கும். வெளியேற வழியில்லாமல் மூச்சுக்கு மூச்சு சேர்ந்துகொண்டே போனால், இதயத்துக்கு ரத்தம் திரும்புவதே தடைபடும். டென்ஷன் நியூமோதோராக்ஸ் என்பது இதுதான். நிமிடக் கணக்கில் ஆளைக் கொல்லும்.

ஊசியின் பலம் வேகம். அடிபட்ட பக்கம் மூச்சொலி கேட்கவில்லை, தட்டினால் காலிப்பானை போல் ஒலிக்கிறது, ரத்த அழுத்தம் சரிகிறது என்றால் எக்ஸ்ரேவுக்கு அனுப்பக் கூடாது. கழுத்து ரத்தநாளம் புடைக்கட்டும் என்று காத்திருப்பதும் ஆபத்து. ரத்தம் நிறையப் போனவருக்கு அது புடைக்காமலே இருக்கலாம். அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் செய்தால், படுத்த நிலை எக்ஸ்ரேயில் தப்பும் காற்றும் சிக்கும். ஆனால் கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்க 1994-இல் வந்த சட்டத்தின்படி ஒவ்வொரு ஸ்கேன் கருவியையும் பதிவு செய்ய வேண்டும். கையடக்கக் கருவியை நினைத்த இடத்துக்குத் தூக்கிப் போய்விட முடியாது. ஆக, கையும் காதும்தான் துணை.

எங்கே குத்துவது? காரை எலும்பின் நடுப்பகுதிக்கு நேர் கீழே, இரண்டாம் விலா இடைவெளியில் என்றே பல தலைமுறை மருத்துவர்கள் படித்தார்கள். 2018-இல் வந்த, விபத்துச் சிகிச்சைக்கான ஏ.டி.எல்.எஸ். பயிற்சி நூலின் பத்தாம் பதிப்பு, பெரியவர்களுக்கு அதை அக்குளுக்குக் கீழே நான்காம் அல்லது ஐந்தாம் இடைவெளிக்கு மாற்றியது. குழந்தைகளுக்குப் பழைய இடமேதான். சிக்கல் சதைக் கனத்தில். 5 செ.மீ. ஊசி பாதிக்கு மேற்பட்டோருக்கே உள்ளே எட்டும், 8 செ.மீ. ஊசி பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டோருக்கு எட்டும் என்கிறது அதே பதிப்பு. எட்டினாலும் அதன் மெல்லிய பிளாஸ்டிக் உறை மடங்கும், ரத்தம் உறைந்து அடைக்கும். ஊசி தருவது அவகாசம் மட்டுமே.

குழாய்க்குக் கத்தி வேண்டும், மயக்க மருந்து வேண்டும், பழகிய கை வேண்டும். ஐந்தாம் இடைவெளியில், கீழ்விலாவின் மேல்விளிம்பை ஒட்டி நுழைய வேண்டும். ஒவ்வொரு விலாவின் அடிவிளிம்பிலும் ரத்தக் குழாயும் நரம்பும் ஓடுகின்றன. குழாய்க்கு முன்னால் நுழையும் விரலே காற்றை வெளியேற்றிவிடும் என்பதால், சில நாடுகளில் ஊசியை விட்டுவிட்டு நேரே விரலுக்குப் போகிறவர்களும் உண்டு. எனக்கு அவர்கள் பக்கம் நியாயம் அதிகமாகத் தெரிகிறது. ஆனால் பழகாத கைக்கு அது பொருந்தாது. ஊசியால் ஆகாத இன்னொன்றையும் குழாய் செய்யும்: ரத்தத்தை வடித்து அளந்து காட்டும். போட்டவுடன் 1500 மி.லி. வந்தால் அறுவை அரங்குக்கு ஓட வேண்டியதுதான்.

ஸ்ரீரங்கத்தையும் திருச்சியையும் இணைக்கும், 1976-இல் திறந்த காவிரிப் பாலத்தைப் பழுதுபார்க்க 2022 இறுதியில் மூடியபோது, வண்டிகள் நெடுஞ்சாலைப் பாலம் வழியாகச் சுற்றிப் போயின. ஊசி வாங்கித்தரும் அவகாசத்தை இப்படிப்பட்ட சுற்றுவழியே தின்றுவிடும். மூச்சுத் திணறலுக்கு, காற்றை உள்ளே தள்ளும் ஆம்பு பேக்கை அழுத்திக்கொண்டே போனால் நிலைமை இன்னும் மோசம்; சாதாரணக் கசிவும் டென்ஷனாகிவிடும். அப்படிப்பட்டவருக்குக் குழாயைப் போட்டுவிட்டே வண்டி ஏற்றுவது நல்லது.

குழாயோடு போகும்போதும் தவறு நடக்க இடமுண்டு. குழாயின் மறுமுனை மூழ்கியிருக்கும் தண்ணீர் பாட்டில் எப்போதும் நெஞ்சு மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஸ்ட்ரெச்சரில் நோயாளியின் மடிமேல் வைக்கக் கூடாது. குமிழி வந்துகொண்டிருக்கும் குழாயை, வண்டி குலுங்குகிறதே என்று யாரும் கிளாம்ப் போடவும் கூடாது. போட்டால், அடைபட்ட காற்று பாலத்தின் நடுவிலேயே மறுபடி டென்ஷனாகிவிடும்.