தந்தை படிப்பும் பிள்ளை படிப்பும்: ஒரு கோட்டின் வரலாறு

"படித்தவன் பிள்ளைதான் படிக்கும்" என்னும் பேச்சைக் கொங்கு நாட்டுத் திண்ணைகளுக்குக் கீழே நின்று கேட்டவர்கள் நம் முன்னோர். பண்ணையத்தில் ஆண்டுக் கூலிக்கு ஆடு மேய்த்த சிறுவனைப் பள்ளிக்கு விடாமைக்கு அதுவே நியாயமாகவும் சொல்லப்பட்டது. அக்கூற்றில் உண்மை எவ்வளவு, சூழ்ச்சி எவ்வளவு என அளக்க ஒரு கணக்கு உண்டு. நம் கல்லூரி மாணவர்கள் புள்ளியியலில் 'தொடர்புப் போக்கு' எனப் பயில்வது அதுவே.

அதனைத் தொடங்கி வைத்தவர் இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்டன். 205 பெற்றோர் இணைகளின் உயரத்தையும், வளர்ந்துவிட்ட அவர்தம் மக்கள் 928 பேரின் உயரத்தையும் ஒப்பிட்டு 1886இல் ஆய்வுரை வெளியிட்டார். பெற்றோர் சராசரியினின்று விலகிய அளவில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கே மக்கள் விலகினர் எனக் கண்டார். அறிவு இரத்தத்தின் வழி வருவதென 1869இல் நூல் எழுதியவரும், 'யூஜெனிக்ஸ்' என்னும் இனமேம்பாட்டுக் கொள்கைக்குப் பெயரிட்டவரும் இவரே! அவர் வடித்த கருவியே பின்னாளில் நம் பக்கம் சான்று கூற வந்தது.

கல்விக்கு இக்கோட்டை வரைந்தால் இரண்டு எண்கள் கிடைக்கும். தந்தை ஓராண்டு கூடுதலாகப் படித்திருந்தால் பிள்ளையின் படிப்பு சராசரியாக எவ்வளவு கூடுகிறது என்பது சாய்வு. பள்ளியே காணாத தந்தையின் பிள்ளை சராசரியாக எத்தனை ஆண்டு படிக்கிறது என்பது வெட்டுத்துண்டு. எடுத்துக்காட்டாகச் சாய்வு 0.5, வெட்டுத்துண்டு 2 எனக் கொள்வோம். எட்டாண்டு படித்தவரின் பிள்ளை 6 ஆண்டு படிக்கும். படியாதவரின் பிள்ளை 2 ஆண்டோடு நிற்கும். வெட்டுத்துண்டு 8 ஆக உயருமானால், சாய்வு மாறாமலே, படியாதவரின் பிள்ளையும் எட்டாம் வகுப்பை எட்டிவிடும். ஆய்வாளர் பெரிதும் பேசுவது சாய்வையே. தந்தையர் பெரும்பாலும் சுழியில் நின்ற நம் சமுதாயத்திற்கோ சாய்வு எதுவாயினும் ஒன்றுதான். சுழியை எதனால் பெருக்கினும் சுழியே. வெட்டுத்துண்டே நம் வரலாறு.

அதனை உயர்த்தியவை எவை? சென்னை மாகாணத்தில் 1920ஐ ஒட்டித் தொழிலாளர் ஆணையரின் பொறுப்பில் எழுந்த பள்ளிகள். அவையே பிற்காலத்து ஆதி திராவிடர் நலப் பள்ளிகளுக்கு முன்னோடி. 1944இல் தொடங்கிய மேற்படிப்பு உதவித்தொகை. 1956இல் காமராசர் கொணர்ந்த மதிய உணவு. இவற்றோடு கோவையிலும் ஈரோட்டிலும் நம் பிள்ளைகளுக்கு இடம் தந்த விடுதிகள். வீட்டில் பாடம் சொல்லித் தர ஆளில்லாத பிள்ளைக்கு, விடுதியில் மூத்த வகுப்பு மாணவன் அருகே படுத்திருந்தான். இதன் மதிப்பை எந்த அரசு அறிக்கையும் எழுதியதில்லை.

இந்தியப் பட்டியல் சாதியினருள் எழுத்தறிந்தோர் 1961இல் நூற்றுக்குப் பதின்மரே; 2011இல் 66 பேர், தமிழகத்தில் 73 பேர். 1983 முதல் 2005 வரையிலான தேசிய மாதிரி ஆய்வுகளைக் கொண்டு நட்கோவ்ஸ்கா, லாஹிரி, பால் ஆகிய மூவர் 2013இல் வெளியிட்ட ஆய்வு, தலைமுறைக்குத் தலைமுறை கல்வியில் ஏறும் வேகத்தில் பட்டியல் சாதி, பழங்குடியினர் ஏனையோரை நெருங்கி வந்ததைக் காட்டிற்று. வேகம் நெருங்கியது என்பதால் நிலை சமமாயிற்று என்று கொள்ளற்க. அன்றியும் பட்டியல் சாதியினர் அனைவருக்கும் ஒரே கோடு வரைவதும் பிழை. அருந்ததியர்க்கு 18 விழுக்காட்டினுள் 3 விழுக்காட்டை 2009இல் தமிழக அரசு தனியே வகுக்க நேர்ந்தது அதனாலன்றோ?

இளைஞர்களே, நம் வளவுகளில் வீடுவீடாகச் சென்று மூன்று தலைமுறையின் படிப்பை ஆண்டுக் கணக்கில் குறித்து வாருங்கள். கோட்டை நாமே வரைவோம். தாயின் படிப்பையும் எழுதுங்கள், மணமாகிச் சென்ற மகளின் படிப்பையும் கேட்டெழுதுங்கள். ஒரே வீட்டில் வாழ்வோரை மட்டும் எண்ணும் கணக்கெடுப்புகளில் அம்மகள் தன் பெற்றோரின் கணக்கில் வருவதேயில்லை.