என்பிஏ டிராஃப்ட்: கிங்ஸ் அணி கைவிட்ட வாய்ப்பு
அமெரிக்க என்பிஏ கூடைப்பந்து அணிகள் புதிய வீரர்களை ஏலத்தில் எடுப்பதில்லை. ஆண்டுதோறும் 'டிராஃப்ட்' முறையில் வரிசைப்படி தேர்ந்தெடுக்கின்றன. முந்தைய பருவத்தில் பின்தங்கிய அணிகளுக்கு முன்னுரிமை உண்டு. முதல் இடங்கள் குலுக்கலில் முடிவாகின்றன.

மும்பையில் பிறந்த விவேக் ரணதிவேயை முதன்மை உரிமையாளராகக் கொண்ட சேக்ரமென்டோ கிங்ஸ் அணிக்கு 2018-இல் இரண்டாவது இடம் கிடைத்தது. ஸ்லோவேனியாவின் லூகா டோன்சிச்சா, உயரமான முன்கள வீரர் மார்வின் பேக்லியா என ரசிகர்கள் விவாதித்தனர். ஆட்டத்தை வழிநடத்த டி ஆரன் ஃபாக்ஸ் ஏற்கெனவே இருந்த நிலையில், அணி பேக்லியைத் தேர்ந்தெடுத்தது.

மூன்றாவதாகத் தேர்வாகி டல்லாஸ் அணிக்குச் சென்ற டோன்சிச், 2019-இல் சிறந்த அறிமுக வீரர் விருதை வென்றார். அதே ஆண்டு அக்டோபரில், மும்பை வொர்லியில் நடைபெற்ற இந்தியாவின் முதல் என்பிஏ ஆட்டங்களில் கிங்ஸ் பங்கேற்றது. பேக்லி 2022-இல் டெட்ராய்ட் அணிக்கு மாற்றப்பட்டார்.

அணியின் தேவையா, வீரரின் திறனா என்ற விவாதத்தில் இத்தேர்வு இன்றும் எடுத்துக்காட்டாகச் சுட்டப்படுகிறது.