உறைகுளிரில் விரைவுச் சார்ஜர்: எவ்வளவு நம்பலாம்?

2024 ஜனவரி நடுப்பகுதியில் அமெரிக்காவின் சிக்காகோ நகரிலும் அதன் புறநகர்களிலும் வெப்பநிலை மைனஸ் 20 பாகை செல்சியசுக்கும் கீழே இறங்கியது. ஒக் புறூக், எவர்கிறீன் பார்க் ஆகிய இடங்களில் உள்ள டெஸ்லா விரைவுச் சார்ஜர் நிலையங்களில் கார்கள் மணிக்கணக்காக வரிசையில் நின்றன. சில கார்களுக்கு வரிசையில் நிற்கும்போதே பற்றரி தீர்ந்துவிட, அவற்றை இழுத்துச் செல்ல வேண்டியதாயிற்று. பல சார்ஜர்கள் வேலை செய்யவில்லை என்று ஓட்டுநர்கள் ஊடகங்களிடம் முறையிட்டார்கள்.

அதே மாதத் தொடக்கத்தில் நோர்வேயின் வடக்கே கௌத்தோகெய்னோ என்ற ஊரில் மைனஸ் 43.5 பாகை பதிவானது. 2023 இல் நோர்வேயில் விற்பனையான புதிய கார்களில் 82.4 சதவீதம் முழு மின்கார்கள். ஆனாலும் சிக்காகோவில் இருந்து வந்தது போன்ற செய்தி அங்கிருந்து வரவில்லை. கூடுதல் குளிரிலும் ஒரு நாடு சமாளிக்கிறது, குறைந்த குளிரில் ஒரு நகரம் திணறுகிறது. ஏன்?

இது எங்களுக்குத் தூரத்துக் கேள்வி அல்ல. போர் துரத்திய எங்கள் உறவுகள் வாழ்வது இந்தக் குளிர் நாடுகளில்தான். வட நோர்வேயின் பின்மார்க் கரையோர மீன் தொழிற்சாலைகளில் தமிழர்கள் வேலை செய்திருக்கிறார்கள். ரொறன்ரோவில் வாடகைக் கார் ஓட்டும் என் உறவினர் ஒருவர், “தம்பி, மின்கார் எடுக்கலாமோ? குளிருக்குச் சார்ஜர் வேலை செய்யுமோ?” என்று கேட்டார். வாடகைக் கார்களும் செயலி வழி ஓடும் கார்களும் 2031 க்குள் புகை வெளியேற்றாதவையாக மாற வேண்டும் என்று ரொறன்ரோ மாநகர சபை 2023 இல் தீர்மானித்திருந்தது. அவரைப் போன்றவர்களுக்குச் சார்ஜர் வரிசையில் போகும் ஒவ்வொரு மணித்தியாலமும் வருமான இழப்பு. அவருக்குப் பதில் சொல்வதற்காகத் தேடிப் படித்தவற்றையே இங்கே தொகுத்திருக்கிறேன்.

பற்றரிக்கு என்ன நடக்கிறது?

லித்தியம் அயன் பற்றரியைச் சார்ஜ் செய்யும்போது, லித்தியம் அயன்கள் ஒரு திரவத்தின் வழியே நகர்ந்து காரீய மின்வாயின் அடுக்குகளுக்குள் புகுகின்றன. குளிரில் அந்தத் திரவம் தடிப்பாகிறது, அயன்களின் ஓட்டம் மந்தமாகிறது. அந்த நிலையில் வலுக்கட்டாயமாக மின்சாரத்தை ஏற்றினால், அயன்கள் உள்ளே புகமுடியாமல் மேற்பரப்பில் உலோக லித்தியமாகப் படிந்துவிடும். இது பற்றரியின் கொள்ளளவை நிரந்தரமாகக் குறைக்கும். உள்ளே குறுஞ்சுற்று ஏற்படும் அபாயமும் உண்டு. எனவே காரில் உள்ள கணினி, சார்ஜரிடம் கேட்டு வாங்கும் மின்சாரத்தின் அளவைத் தானாகவே குறைத்துக்கொள்கிறது. 150 கிலோவாற் என்று எழுதப்பட்ட சார்ஜரில் குளிர்ந்த கார் ஒன்று 40 கிலோவாற்கூட எடுக்காமல் நிற்பது இதனால்தான். பார்ப்பவருக்குச் சார்ஜர் பழுது போலத் தெரியும். உண்மையில் கார் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது.

அமெரிக்காவின் ஐடஹோ தேசிய ஆய்வுகூடம், நியூயோர்க்கில் வாடகைக் கார்களாக ஓடிய நிசான் லீஃப் கார்களின் தரவுகளை ஆராய்ந்து 2018 இல் முடிவுகளை வெளியிட்டது. 25 பாகையில் 30 நிமிட விரைவுச் சார்ஜில் எட்டும் மட்டத்தோடு ஒப்பிட்டால், 0 பாகையில் அதே நேரத்தில் எட்டும் மட்டம் 36 சதவீதம் வரை குறைவு. எங்கள் வீதிகளிலும் ஓடும் அதே லீஃப்தான்.

இன்னொரு பக்கம், ஏறிய மின்சாரமும் வேகமாகத் தீர்கிறது. மைனஸ் 7 பாகையில் காரின் வெப்பமூட்டியையும் போட்டு ஓடினால், ஒரு சார்ஜில் ஓடக்கூடிய தூரம் சராசரியாக 41 சதவீதம் குறைகிறது என்று அமெரிக்க வாகன ஓட்டுநர் சங்கம் 2019 இல் செய்த சோதனை காட்டியது.

இதற்கான மருந்து, சார்ஜருக்குப் போய்ச் சேரும் முன்பே பற்றரியைச் சூடாக்குவது. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் வாகனம் ஓடியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. முதலில் சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை இயக்கிச் சூடேற்றிய பிறகுதானே அது மண்ணெண்ணெயை ஏற்றது? பல புதிய மின்கார்களில், வழிகாட்டித் திரையில் சார்ஜர் நிலையத்தைச் சேருமிடமாகக் குறித்தால் கார் வழியிலேயே பற்றரியைச் சூடாக்கத் தொடங்கிவிடும். குறிக்காமல் போனால் பல கார்களுக்கு அது தெரியாது. பழைய கார்கள் சிலவற்றில் அந்த வசதியே இல்லை.

சார்ஜருக்கு என்ன நடக்கிறது?

விரைவுச் சார்ஜர்களைப் பொதுவாக மைனஸ் 30 அல்லது 35 பாகை வரை இயங்கக்கூடியதாக வடிவமைக்கிறார்கள். உள்ளே இருக்கும் மின்மாற்றும் பகுதிகள் குளிருக்கு அவ்வளவு எளிதில் படுப்பதில்லை. தொல்லை கொடுப்பவை ஓரத்தில் உள்ளவைதான். தொடுதிரை மந்தமாகிறது. வங்கி அட்டை வாசிப்பான் வேலை செய்யாது. கேபிள் விறைத்து வளைய மறுக்கிறது. இணைப்பியின் பூட்டில் பனிக்கட்டி பிடித்தால் அது காரோடு பொருந்தாது, பொருந்தினால் கழராது.

எல்லாப் பழியையும் குளிரின் மேல் போடவும் முடியாது. 2022 இல் வெளியான ஓர் ஆய்வு, உறைகுளிர் இல்லாத சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் 657 பொது விரைவுச் சார்ஜர் இணைப்பிகளைப் பரிசோதித்தது. ஒழுங்காக வேலை செய்தவை 72.5 சதவீதம் மட்டுமே. திரை, கட்டணம் செலுத்தும் முறை, இணைய இணைப்பு, கேபிள் ஆகியவற்றில்தான் கோளாறுகள். கவனிப்பாரின்றிக் கிடக்கும் சார்ஜரைக் குளிர் அம்பலப்படுத்துகிறது.

வரிசை ஏன் நீள்கிறது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எட்டுச் சார்ஜர்கள் உள்ள ஒரு நிலையத்தில் ஒரு காருக்கு அரை மணித்தியாலம் என்றால், ஒரு மணித்தியாலத்தில் 16 கார்கள் போகும். குளிரில் ஒவ்வொரு காருக்கும் ஒரு மணித்தியாலம் பிடித்தால் 8 கார்கள்தான். இரண்டு சார்ஜர்கள் பழுதானால் 6. அதே நேரம் ஓடும் தூரம் குறைவதால் கார்கள் வழமையைவிட அடிக்கடி வருகின்றன. காத்திருப்பவர்கள் வெப்பமூட்டியைப் போட்டுக்கொண்டு பற்றரியை மேலும் கரைக்கிறார்கள். சூடாக்கிக் கொண்டுவந்த பற்றரியும் வரிசையில் நின்று ஆறிவிடுகிறது.

97 சதவீதம் என்ற கணக்கு

அமெரிக்காவில் மத்திய அரசின் நிதியில் நிறுவப்படும் சார்ஜர்கள் ஆண்டுச் சராசரியில் 97 சதவீதத்துக்கு மேலான நேரம் இயங்கவேண்டும் என்று 2023 விதி கூறுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மிகுதி 3 சதவீதம் என்பது ஏறக்குறைய 11 நாட்கள். அந்த 11 நாட்களில் பத்து நாட்கள் ஜனவரியின் மிகக் குளிரான நாட்களாக அமைந்தாலும், அந்தச் சார்ஜர் ஆண்டுப் பரீட்சையில் சித்தி பெற்றுவிடும். சார்ஜர் இயங்குகிறதா என்பதைத்தான் இந்தக் கணக்கு பார்க்கிறது. உங்கள் கார் எவ்வளவு நேரம் அங்கே நின்றது என்பதை அது பார்ப்பதில்லை. சராசரிகளுக்குள் மனிதர்கள் எப்படி மறைந்துபோவார்கள் என்பதை நாங்கள் அறிவோம்.

நோர்வேயில் என்ன வேறுபாடு?

அங்கே மின்கார் வைத்திருப்பவர்களில் பெரும்பாலானோர் இரவில் வீட்டிலேயே சார்ஜ் செய்கிறார்கள். பொதுச் சார்ஜர் அவர்களுக்கு நெடும்பயணத்துக்கானது. நெடுஞ்சாலைகளில் பல நிறுவனங்களின் சார்ஜர்கள் இருப்பதால், ஒன்று கைவிட்டாலும் இன்னொன்று உண்டு. அந்நாட்டு வாகன ஓட்டுநர் சங்கம் ஒவ்வொரு குளிர்காலத்திலும் புதிய கார்களைப் பனியில் ஓட்டிச் சோதித்து முடிவுகளை வெளியிடுகிறது. வாங்குபவர்கள் அவற்றைப் பார்த்துத் தெரிவு செய்கிறார்கள்.

நோர்வேயும் தப்பிவிடவில்லை. 2024 ஜனவரிக் குளிரில் ஒஸ்லோவின் மின்சாரப் பேருந்துச் சேவைகள் பல இரத்தாகின. ஆனால் அதே குளிரில், வைக்கிங் என்ற வீதி உதவி நிறுவனத்துக்கு வந்த அழைப்புகளில் மின்கார்களுக்கானவை 13 சதவீதம் மட்டுமே. அந்நேரம் அங்குள்ள கார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்று மின்கார். குளிரில் பெற்றோல், டீசல் கார்களும் படுத்துவிடுகின்றன.

ஓட்டுபவர் கவனிக்க வேண்டியவை

• வீட்டிலோ வேலையிடத்திலோ இரவு முழுக்கச் சார்ஜ் செய்ய வசதி உண்டா என்பதை முதலில் பாருங்கள். அடுக்குமாடியில் வசிப்பவர்கள் காரின் விலையைக் கேட்கும் முன் இதைக் கேட்க வேண்டும்.

• அருகிலுள்ள நிலையம் தூரம் குறைவாக இருந்தாலும் அதைச் சேருமிடமாகக் குறித்துவிட்டு ஓட்டுங்கள். மிகக் குளிரான நாளில் 20 நிமிடமாவது முன்னரே பற்றரியைச் சூடாக்கத் தொடங்குங்கள்.

• ஓடி முடித்த சூட்டோடு சார்ஜ் செய்யுங்கள். இரவு முழுக்க வெளியில் உறைந்த காரைக் காலையில் நேரே விரைவுச் சார்ஜருக்குக் கொண்டுபோகாதீர்கள்.

• உறைகுளிரில் பற்றரி 30 சதவீதத்துக்குக் கீழே இறங்க விடாதீர்கள். சூடாக்குவதற்கும் மின்சாரம் வேண்டும்.

• புறப்படும் முன் செயலியில் எத்தனை சார்ஜர்கள் இயங்குகின்றன என்று பாருங்கள். இரண்டாவது நிலையம் ஒன்றையும் மனதில் வைத்திருங்கள்.

• இணைப்பி உறைந்து ஒட்டிக்கொண்டால் சுடுநீர் ஊற்றாதீர்கள். அது மறுபடி உறைந்து நிலைமையை மோசமாக்கும்.

இலங்கையில் குளிர் பிரச்சினை இல்லை. ஆனால் 2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதி மீண்டும் தொடங்கியபின் இங்கும் மின்கார்கள் வருகின்றன. அதே மாதம் 9 ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. எங்கள் மோசமான நாள் அப்படித்தான் வரும். ஆகவே சிக்காகோ என்றாலும் சாவகச்சேரி என்றாலும், சார்ஜர் நிறுவுபவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஆண்டுச் சராசரியை விடுங்கள், மிக மோசமான வாரத்தில் உங்கள் சார்ஜர்களில் எத்தனை வேலை செய்தன?