முந்திரி (குளத்தூர், புதுக்கோட்டை வட்டாரம்)

முந்திரி, புதுக்கோட்டை மாவட்டத்தின் செம்மண், செம்பராங்கல் மேடுகளில் பெரும்பாலும் மானாவாரியாக வளரும் கொட்டை மரம். தாவரவியலில் மாமரத்தின் குடும்பம். பிரேசிலின் கடற்கரையில் பிறந்த முந்திரிக்கு இந்த ஊர் வெயில் ஒத்துப்போயிற்று. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் இதை இந்தியாவின் மேற்குக் கரைக்குக் கொண்டுவந்தனர்.

குளத்தூர், 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை தொண்டைமான்களின் ஒரு கிளையினர் ஆண்ட பாளையம். பின்னர் ஆலங்குடி, திருமயம் ஆகியவற்றோடு புதுக்கோட்டை சமஸ்தானத்தின் மூன்று வட்டங்களுள் ஒன்றானது. சமஸ்தானம் 1948இல் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. தனி மாவட்டம் அமைந்தது 1974இல். குளத்தூர் வட்டத்தின் தலைமையிடம் இன்று கீரனூர்.

இந்த வட்டாரத்து வேளாண்மை ஏரி, கண்மாயை நம்பியது. வரத்துவாரி வழியாக வந்து தேங்கும் மழைநீர், மடையும் குமிழியும் திறந்தால் கீழேயுள்ள நன்செய்க்குப் பாயும். 1930களில் வந்த கல்லணைக் கால்வாய்கூட மாவட்டத்தின் கிழக்குத் தாழ்நிலங்களுக்குத்தான் பயன்பட்டது. மடை மட்டத்துக்கு மேலிருந்த மேட்டுக்கு மழையை விட்டால் வேறு தண்ணீர் இல்லை. முந்திரிக்குக் கிடைத்தது அந்த மேடுதான்.

நட்டபின் இரண்டு மூன்று கோடைகளுக்கு உயிர்த்தண்ணீர் ஊற்றுவதோடு பாசனம் முடிந்தது என்பதே வழக்கம். மரம் பட்டுப்போகாது என்பது உண்மை. ஆனால் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகுதான் அது பூக்கிறது; மார்ச் முதல் மே வரை கொட்டை விழுகிறது. பூவும் பிஞ்சுமாக இருக்கும் காலத்தில் மண் காய்ந்து கிடக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை பதினைந்து நாளுக்கு ஒருமுறை மரத்துக்கு 200 லிட்டர் விட்டால் மகசூல் இரட்டிப்பாகலாம் என்பது கர்நாடகத்தின் புத்தூரில் உள்ள முந்திரி ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரை. ஏழு மீட்டர் இடைவெளியில் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 200 மரங்கள். ஆறு தண்ணீருக்கு மொத்தம் 2.4 லட்சம் லிட்டர். அதே பரப்பில் ஒரு போக நெல்லுக்கு ஒரு கோடி லிட்டருக்கு மேல் தேவைப்படும். ‘தண்ணீர் கேட்காத மரம்’ என்ற பெயரே முந்திரிக்குக் கேடாயிற்று என்று சொல்லத் தோன்றுகிறது. பண்ணைக்குட்டையும் சொட்டுநீரும் இருந்தால் இந்த அளவு எட்டாததல்ல.

பூங்கொத்தின் சாற்றை உறிஞ்சிக் கருகச் செய்யும் தேயிலைக் கொசுவும், அடிமரத்தைக் குடையும் தண்டுத் துளைப்பானும் முதன்மைப் பகைகள். விதைக்கன்றுக்குப் பதில், விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.ஐ. 3 போன்ற இரகங்களின் ஒட்டுக்கன்றுகள் இப்போது பரிந்துரைக்கப்படுகின்றன.

தஞ்சாவூர்–புதுக்கோட்டைச் சாலையிலுள்ள ஆதனக்கோட்டை, பருப்புக்குப் பெயர்போன ஊர். கொட்டையைத் தீயில் வறுத்துக் கையால் உடைப்பது அவ்வூர்ப் பெண்களின் தொழில். ஓட்டிலுள்ள எண்ணெய் தோலைப் பொசுக்கும். சாலையோரத்தில் விலை பேசுகிறவர்கள் இதை நினைப்பதில்லை.

வனத்தோட்டக் கழகம் இம்மாவட்டத்தில் முந்திரியோடு தைலமரத்தையும் பெரும்பரப்பில் வளர்த்தது. தைலமரக் காடுகளால் கண்மாய்களுக்கு நீர்வரத்து குறைகிறது என்பது உழவர்களின் நெடுநாள் புகார். 2018 நவம்பர் 16இல் கரையேறிய கஜா புயல், ஆலங்குடி, கந்தர்வகோட்டைப் பக்கத்து முந்திரித் தோப்புகளைச் சாய்த்தது. சாய்ந்த மரத்துக்குப் பதிலாக நடும் ஒட்டுக்கன்று மூன்றாம் ஆண்டில் காய்க்கத் தொடங்கினாலும், முழு மகசூலுக்கு எட்டு முதல் பத்து ஆண்டுகள் ஆகும்.